பத்து டன் சுருளும் ஐம்பது பெல்ட்டும்

சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகு மெல்லிய தகடாக உருட்டப்பட்டு, சுருளாகச் சுற்றப்படுகிறது. கார்க் கதவுக்கும் பிரிட்ஜுக்கும் கூரைக்கும் ஆகும் எஃகும் உலகம் முழுக்க இப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. சுருட்டினால் இடம் மிச்சம். வாங்கிய ஆலையில் இயந்திரத்தில் மாட்டுவதும் சுலபம். லாரிக்காரருக்குத்தான் வில்லங்கம். ஒற்றைச் சுருள் 10 டன் இருக்கும், 15 டன் இருக்கும், சில நேரம் 20 டன்னையும் தாண்டும். அது உருளும், வழுக்கும், மேலே எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பக்கத் தடுப்பே இல்லாத பிளாட்பெட் டிரெய்லரில் ஏற்றுவதற்கு இதைவிடத் தொல்லையான உருவத்தை யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

‘இத்தனை கனம், இது எங்கே நகரப் போகிறது?’ என்று நினைக்கத் தோன்றும். சரக்கு ஏற்றும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சும் இதுதான். இயற்பியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. கனமான பொருளுக்கு உராய்வு அதிகம், உண்மை. ஆனால் அதே அளவுக்கு நிலைமமும் அதிகம். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. 100 கிலோ பெட்டி எந்தப் பிரேக்கில் வழுக்குமோ, அதே தரையில் 10 டன் பெட்டியும் அதே பிரேக்கில்தான் வழுக்கும். முட்டும்போது வரும் சேதம்தான் நூறு மடங்கு.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். டிரைவர் பிரேக் போட்டதும் பஸ் நின்றுவிடும், கம்பியைப் பிடிக்காதவர் நிற்க மாட்டார். அவரை யாரும் முன்னே தள்ளவில்லை. அதுவரை போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போகிறார், அவ்வளவுதான். லாரியின் பிரேக் பிடிப்பது சக்கரத்தை. சக்கரம் சேஸியை நிறுத்துகிறது, சேஸி மேடையை நிறுத்துகிறது. மேடைமேல் உட்கார்ந்திருக்கும் சுருளை நிறுத்த வேண்டியது உராய்வும் கட்டும் முட்டும்தான். இந்த மூன்றுமே பலவீனமாக இருந்தால் சுருளைப் பொறுத்தவரை லாரியில் பிரேக்கே கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. திடீரென்று பலமான பிரேக். நல்ல சாலை, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். மேடை வெறும் இரும்புத் தகடு. அதன்மேல் இரும்புச் சுருள். காய்ந்த இரும்பும் இரும்பும் உரசும்போது உராய்வுக் குணகம் 0.1 முதல் 0.25 வரை, எண்ணெய் பட்டிருந்தால் இன்னும் கீழே. 0.2 என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். கட்டாத சுருள் அந்த உராய்வை மட்டும் நம்பி நிற்க 70 மீட்டர் வேண்டும். லாரிக்கு 20, சுருளுக்கு 70. மிச்சமுள்ள 50 மீட்டரில் முதலில் வருவது டிரைவரின் கேபின்.

சுருளுக்கும் முன் தடுப்புக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தாலும், அதைக் கடப்பதற்குள் சுருள் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம் பிடித்துவிடும். சைக்கிள் வேகம்தானே என்று விட்டுவிட முடியாது. 10 டன் எடை அந்த வேகத்தில் மோதுவதும், ஒரு டன் எடையுள்ள கார் 36 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும் ஒரே ஆற்றல். முன் தடுப்பை மலைபோல் நம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் சாதாரண வகை லாரி உடம்பின் முன் தடுப்பு அதிகபட்சம் 5 டன் விசையைத் தாங்கினால் போதும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். 10 டன் சுருள் மோத வேண்டாம். மெல்லச் சாய்ந்து முட்டிக்கொண்டிருந்தாலே பலமான பிரேக்கில் அதற்கு மேல் வரும்.

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று எங்கே பார்த்தாலும் சரக்குக் கட்டும் விதிகளில் ஏறக்குறைய ஒரே எண்கள் வருகின்றன. முன்னோக்கி, சரக்கின் எடையில் 80 சதவீத விசையைக் கட்டு தாங்க வேண்டும். பக்கவாட்டில் 50 சதவீதம், பின்னோக்கி 50 சதவீதம். யாரோ மேஜையில் உட்கார்ந்து எழுதிய எண்கள் அல்ல இவை. காய்ந்த சாலையில் கனரக லாரியின் பிரேக் தரக்கூடிய உச்சம் கிட்டத்தட்ட அந்த 80 சதவீதம்தான். பக்கவாட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியம். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் எடையில் 42 சதவீத அளவுக்குச் சரக்கு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். உயரமாகப் பாரம் ஏற்றிய டிரெய்லர்களில் பல 35, 40 சதவீதத்திலேயே சக்கரம் தூக்கிக் கவிழத் தொடங்கிவிடும். வண்டி கவிழும் வரைக்கும் கட்டு விடக் கூடாது என்பதுதான் விதியின் கணக்கு.

இனி பெல்ட்டுக்கு வருவோம். சரக்கின் தலைக்கு மேல் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் ராட்செட்டால் இறுக்குவதுதான் எங்கும் பழக்கத்தில் உள்ள முறை. பார்ப்பதற்குப் பெல்ட் சரக்கைப் பிடித்து வைத்திருப்பதுபோல இருக்கும். உண்மையில் அது பிடிப்பதில்லை, அழுத்துகிறது. மேலிருந்து அழுத்தி, சரக்கின் எடையைச் செயற்கையாகக் கூட்டி, அதன் மூலம் அடியில் உராய்வை வளர்க்கிறது. ஆகவே கேள்வி, பெல்ட் எத்தனை டன்னில் அறும் என்பதல்ல. எத்தனை கிலோ அழுத்துகிறது, அடியில் உள்ள தரை அந்த அழுத்தத்தை எவ்வளவு உராய்வாக மாற்றுகிறது என்பதுதான்.

ஐரோப்பியத் தரப்படி செய்த 50 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பெல்ட்டில் ஒரு நீலச் சீட்டு தைத்திருக்கும். அதில் இரண்டு எண்கள். பெரிய எண், பெல்ட் நேராக இழுக்கும்போது தாங்கும் விசை: கிலோ கணக்கில் ஏறக்குறைய 2,500. சின்ன எண், ஓர் ஆள் ராட்செட் கைப்பிடியை இழுத்து இறுக்கும்போது பெல்ட்டில் நிற்கும் இழுவிசை: சாதாரண ராட்செட்டில் 300 கிலோவை ஒட்டி. எல்லோர் கண்ணும் பெரிய எண்மேல்தான் போகும். தலைக்கு மேல் போடும் கட்டுக்கு உதவுவதோ சின்ன எண். பெல்ட் இரண்டு பக்கமும் நேர் செங்குத்தாக இறங்கினால் ஒரு பெல்ட்டின் மொத்த அழுத்தம் 600 கிலோ. அதுவும் புத்தகத்தில். நடப்பில் ராட்செட் இருக்கும் பக்கம் இறுக்கம் கூடவும், மூலையில் உரசிப்போகும் மறுபக்கம் குறையவும்தான் செய்யும்.

இப்போது நம் 10 டன் சுருள். உராய்வுக் குணகம் 0.2. முன்னோக்கி 8 டன் விசையைத் தாங்க வேண்டும். சொந்த எடை தருவது 2 டன் உராய்வு. பாக்கி 6 டன். அந்த 6 டன் உராய்வை உண்டாக்க மேலிருந்து 30 டன் அழுத்த வேண்டும். பெல்ட்டுக்கு 600 கிலோ என்றால் 50 பெல்ட்!

ஒரு சுருள்மேல் 50 பெல்ட் போட இடமே கிடையாது. மேடைக்கும் சரக்குக்கும் நடுவே ரப்பர் விரிப்புத் துண்டுகளை வைத்துப் பார்ப்போம். இதற்கென்றே செய்த வழுக்காத விரிப்பில் குணகம் 0.6 கிடைக்கிறது. சொந்த எடையிலேயே 6 டன் உராய்வு வந்துவிட்டது. பாக்கி 2 டன். அதற்கு மேலிருந்து 3.3 டன் அழுத்தினால் போதும். ஆறு பெல்ட். உராய்வு மூன்று மடங்கு கூடினால் கட்டு ஒன்பதில் ஒரு பங்காகிறது. சரக்குக் கட்டும் கலையில் இதைவிட மலிவான லாபம் வேறு இல்லை. சுருளை எங்கும் நகர முடியாதபடி உறுதியான கட்டையில் முட்ட வைத்துவிட்டால் முன்னோக்கிய கணக்கு பெல்ட்டின் தலையிலிருந்தே இறங்கிவிடும்.

அப்படியானால் ரப்பர் போட்டால் பக்கவாட்டுக்குக் கட்டே வேண்டாமா? 0.6 என்பது 0.5-ஐவிடப் பெரியதுதானே? காகிதத்தில் வேண்டாம். சாலையில் வேண்டும். வேகத்தடையிலும் பாலத்தின் இணைப்பிலும் லாரி குதிக்கும்போது சரக்கு ஒரு நொடியின் சிறு பங்குக்கு லேசாகிறது. லேசானால் உராய்வும் போய்விடும். ஒவ்வொரு குதிப்பிலும் சில மில்லிமீட்டராக நகர்ந்து, நூறு கிலோமீட்டர் தாண்டிப் பார்த்தால் சரக்கு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதை எண்ணித்தான் ஆஸ்திரேலிய வழிகாட்டி மேல்நோக்கியும் 20 சதவீத விசைக்குக் கட்டச் சொல்கிறது.

கோணம் இன்னொரு கள்ளன். உயரமான பெட்டிமேல் பெல்ட் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும், முழு அழுத்தம். மேடையோடு ஒட்டிய தாழ்வான சரக்குமேல் போட்டால் பெல்ட் படுத்துவிடும். மேடையோடு 30 பாகைக் கோணத்தில் படுத்த பெல்ட்டின் அழுத்தம் சரிபாதி. அதே பெல்ட், அதே இறுக்கம், அதே வியர்வை, பலன் பாதி.

கோணத்தைக் கணக்கில் எடுக்காததன் விலையை உலகம் கேமராவில் பார்த்தது, ஆனால் லாரியில் அல்ல. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் விமானதளத்திலிருந்து போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று துபாய்க்குக் கிளம்பியது. உள்ளே ஐந்து கவச வண்டிகள். மூன்று தலா 18 டன், இரண்டு தலா 12 டன். கிளம்புவதற்கு முன்பே ஒரு பட்டை அறுந்து கிடந்ததைப் பற்றி விமானிகள் பேசிக்கொண்டது குரல்பதிவுக் கருவியில் இருந்தது. விமானம் ஏறத் தொடங்கியதும் ஒரு கவச வண்டியாவது பின்னோக்கி நகர்ந்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை இயக்கும் அமைப்பையும் உடைத்தது. விமானம் செங்குத்தாக நின்று, பின் விழுந்தது. ஏழு பேரும் இறந்தனர். வண்டிகளில் பட்டைகளுக்குக் குறைவே இல்லை, ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேல் கட்டியிருந்தார்கள். ஆனால் சாய்ந்த பட்டை எந்தத் திசையில் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு அந்த நிறுவனத்தின் சரக்குக் கையேட்டிலேயே சரியாக இல்லை என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது. பட்டைகளை எண்ணியவர்கள் கோணத்தை எண்ணவில்லை.

தலைக்கு மேல் அழுத்தாமல் சரக்கையே நேராகப் பிடித்து இழுத்துக் கட்டுவது இரண்டாவது முறை. சுருளின் நடுத்துளை வழியாகச் செயினை விட்டு மேடையின் இரு பக்கமும் மாட்டுவது அப்படிப்பட்டது. இங்கேதான் பெரிய எண்ணுக்கு மதிப்பு. அமெரிக்காவில் இதற்கென்று தங்க நிறப் பூச்சுள்ள ‘கிரேடு 70’ செயின் உண்டு. முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கம்பியில் செய்த அந்தச் செயினுக்கு அனுமதித்த பாரம் 3 டன். அறுவதற்கு அதைப்போல நான்கு மடங்கு வேண்டும். எல்லாக் கட்டுகளின் அனுமதித்த பாரத்தையும் கூட்டினால் சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது என்பது அந்நாட்டு விதி. பெல்ட் ஓரளவு நீண்டு கொடுக்கும், செயின் கொடுக்காது. அதனால் அடிக்கட்டை ஒரு மில்லிமீட்டர் அமுங்கினாலே செயினின் இறுக்கம் பறந்துவிடும்.

சுருளை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பதற்கு அமெரிக்க லாரி டிரைவர்கள் தங்கள் பாஷையில் பெயர் வைத்திருக்கிறார்கள். துளை வானம் பார்த்தால் உருளாது, ஆனால் சாயலாம். துளை முன்னும் பின்னும் பார்த்தால் ‘துப்பாக்கி’. அறுத்துக்கொண்டால் பக்கவாட்டில் சாலைக்குள் உருளும். துளை இரு பக்கமும் பார்த்தால் உருளும் திசை நேரே கேபின். அதற்குப் பெயர் ‘தற்கொலை’. இந்த மூன்று நிலைக்கும் தனித்தனி விதி உண்டு. பக்கம் பார்த்த சுருளின் துளை வழியாகச் செயினைக் குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறிபோல விடுவது தடை. சுருளைத் தாங்கும் கட்டைகளையும் ஆப்புகளையும் வெறும் ஆணி அடித்த சட்டத்தை மட்டும் நம்பி நிறுத்துவதும் தடை, ஆணி பிடுங்கிக்கொள்ளும். எஃகுத் தொழில் நிறைந்த அலபாமா மாநிலத்தில் நெடுஞ்சாலையில் சுருள் விழுவது தொடர்கதையாகவே, சுருள் ஏற்றும் டிரைவர் அதற்கெனப் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று 2009-ல் சட்டமே போட்டார்கள்.

நம் ஊர்ச் சாலைகளில் சுருளைவிட அதிகம் கண்ணில் படுவது டிரெய்லரில் போகும் பொக்லைன். சக்கரம் வைத்த இயந்திரமென்றால் டயரே ஸ்பிரிங் வேலை செய்யும். குதிக்கும்போதெல்லாம் செயின் ஒரு கணம் தொய்ந்து மறுகணம் வெட்டி இழுக்கும். அமெரிக்க விதியில் 4.5 டன்னுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு, முன்னிரண்டு பின்னிரண்டு. கை, வாளி எல்லாம் கீழே இறக்கித் தனியாகக் கட்டப்பட வேண்டும். கையை இறக்காமல் போனால் கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேம்பாலம் கணக்கைத் தீர்த்துவிடும்.

உயரத்தின் கதைக்குப் பெரிய சாட்சி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்காகிட் ஆற்றுப் பாலம். 2013 மே 23 அன்று, அனுமதிச் சீட்டு வாங்கி, முன்னே வழிகாட்டிக் காரும் விட்டு, பெரிய சரக்குடன் ஒரு லாரி அதில் ஏறியது. பாலத்தின் மேல்சட்டம் வில்போல நடுவில் உயரம், ஓரத்தில் தாழ்வு. லாரி போனது ஓரத் தடத்தில். சரக்கின் மேல் மூலை வரிசையாகச் சட்டங்களில் இடித்துக்கொண்டே போனது. லாரி தப்பியது, பாலத்தின் ஒரு கண் ஆற்றில் விழுந்தது. பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் தண்ணீருக்குள். அவற்றிலிருந்த மூவரையும் உயிருடன் மீட்டார்கள். இங்கே கட்டில் பழுதில்லை, சீட்டும் கையில் இருந்தது. எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

கட்டி முடித்ததோடு வேலை முடிவதில்லை. கிளம்பிய முதல் சில கிலோமீட்டரில் சரக்கு அமுங்கி இடம் பிடித்துக்கொள்ளும், கட்டு தளரும். அமெரிக்க விதிப்படி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒரு முறை இறங்கிப் பார்க்க வேண்டும். பிறகு 3 மணி நேரம் அல்லது 240 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போதெல்லாம். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் பார்க்கவே முடியாது என்பது அனுபவசாலிகளின் புலம்பல், நியாயமான புலம்பல்தான். கூர்மையான தகட்டு விளிம்பில் பாதுகாப்பு மூலை வைக்காமல் போட்ட பெல்ட், தார்ப்பாய்க்கு அடியில் யாருக்கும் தெரியாமல் அறுபட்டுக்கொண்டிருக்கும்.

சட்டம் யார் பொறுப்பு என்று கேட்கும்போதுதான் நாடுகள் வேறுபடுகின்றன. ஜெர்மனியின் சாலை விதி, அவசரப் பிரேக்கிலும் திடீர்த் திருப்பத்திலும் சரக்கு வழுக்கவோ உருளவோ விழவோ கூடாது என்பதோடு நிற்காமல், தவிர்க்கக்கூடிய சத்தம்கூடப் போடக் கூடாது என்கிறது. அங்கே பத்திரமாக ஏற்றித் தரும் கடமை சரக்கை அனுப்புகிறவருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் உள்ள கனரக வாகனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அனுப்பியவர், பொதிந்தவர், ஏற்றியவர், பயண நேரத்தைத் திட்டமிட்டவர் என்று சங்கிலி முழுவதையும் கூண்டில் ஏற்றுகிறது.

இந்தியாவில் தண்டனைப் பிரிவுகள் முக்கியமாக இரண்டு விஷயங்களை அளக்கின்றன: எவ்வளவு எடை, எவ்வளவு வெளியே நீள்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பக்கத்திலோ முன்னாலோ பின்னாலோ மேலேயோ அளவு மீறி நீண்டால் அதற்கும் 20,000, சரக்கை இறக்கும் செலவு தனி. கம்பிகள் பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க ஒரு காலத்தில் விதியே இடம் கொடுத்தது. அந்தச் சலுகை 2014-ல் ஒழிந்தது. இந்தப் பிரிவு வண்டியை ஓட்டியவரோடு, ஓட்ட வைத்தவரையும் ஓட்ட விட்டவரையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் சாலையோரத்தில் நிறுத்தப்படுவது டிரைவர்தான். பர்ஸைத் திறப்பதும் பல நேரம் அவர்தான். சுருளைக் கிரேனில் தூக்கி வெறும் இரும்பு மேடையில் வைத்தவர் அந்நேரம் அடுத்த லாரிக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்.

பெரிய ஆலைகளில் எடைமேடையில் ஏறி இறங்காமல் சரக்கு லாரி வாசலைத் தாண்டுவதில்லை. அதே இடத்தில் அடியில் ரப்பர் இருக்கிறதா, முன்னால் முட்டு இருக்கிறதா, பெல்ட்டின் சீட்டு படிக்கும்படி இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். எடைச் சீட்டோடு இந்தச் சோதனைச் சீட்டும் இல்லாமல் எந்த லாரியையும் வெளியே விடுவதில்லை என்று ஆலைகள் முடிவெடுக்க வேண்டும். அவை தாமாகச் செய்யாவிட்டால், ஏற்றியவரின் கையெழுத்தையும் கட்டாயமாக்கி அரசு செய்ய வைக்க வேண்டும்.